நிமிடத்துக்குப் பதினான்கு

முதலில் வாங்கிய பவர் சப்ளையை றொஷினி மூன்று நாள்தான் வைத்திருந்தாள். கைக்கு அடக்கமான பெட்டிதான். ஆனால் கிராபிக்ஸ் கார்ட் வேலை செய்யத் தொடங்கியதும் அதற்குள் இருந்த சின்ன விசிறி, தலைமயிர் உலர்த்தும் கருவிபோல் கத்தியது. தன் வீட்டில் என்றால் சகித்திருப்பாள். அவள் வேலை செய்ய வேண்டியிருந்தது தங்கை வித்தியாவின் படுக்கையறையில்.

வித்தியாவுக்கு ஏழாம் மாதம். படுக்கையை விட்டு எழும்பவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளுடைய கணவன் லக்ஷன் விடிய ஆறு மணிக்கே பண்டகசாலை வேலைக்குப் போய்விடுவான். அதனால் வாரத்தில் நான்கு நாள் றொஷினி சென்ட் லோரன்டில் இருந்த தன் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, மொன்ட்ரியால்-நோரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனாள். இன்னும் கட்டாத வீடுகளின் உள்ளறைகளைக் கட்டி முடித்ததுபோல் படமாக்கிக் கொடுப்பது அவள் தொழில். மடிக்கணினி தனியாக அதற்குத் தாங்காது; கிராபிக்ஸ் கார்ட்டும் வேண்டும். கார்ட்டை ஒரு சட்டத்தில் பொருத்தி, ஒரு கேபிளால் கணினியோடு இணைத்து, எல்லாவற்றையும் முதுகுப்பையில் போட்டுக்கொள்ளலாம். மிஞ்சியது கார்ட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி ஒன்றுதான்.

ஒரு கிழமையாகத் தேடினாள். சிறியவை எல்லாம் சத்தம் போட்டன. சத்தம் போடாதவை எல்லாம் செங்கல் கனம். கனமும் சத்தமும் இல்லாத கறுப்பு அடப்டர்கள் கார்ட்டின் துள்ளலைத் தாங்காமல் அணைந்துவிடும் என்று வாங்கியவர்கள் எழுதியிருந்தார்கள். கார்ட் ஒரு கண்ணிமைப்பில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இழுக்கும். அந்த நேரம் பெட்டி பயந்துவிடக் கூடாது.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. மருத்துவக் கருவிகளுக்காகச் செய்த பவர் சப்ளை, விசிறி இல்லை, பாண் துண்டின் அளவு, ஏற்கெனவே ஒருவர் பாவித்தது. அதற்குக் கீழே இருபத்துமூன்று படங்கள். ஒவ்வொன்றிலும் அதே பெட்டி, பக்கத்தில் மீட்டர், திகதி எழுதிய கடதாசித் துண்டு. ஒரே ஒரு வரி மட்டும்: ‘சோதித்தது. பிழை இல்லை.’

விற்றவர் கிருபானந்தன். அஹுன்ட்சிக்கில் ஒரு கீழ்த்தள வீட்டில் இருந்தார். அறுபதை நெருங்கும் வயது. ஆஸ்பத்திரிக் கருவிகள் திருத்தும் வேலையிலிருந்து ஓய்வெடுத்தவர் என்று கதைக்கும்போது தெரிந்தது. வாசலிலேயே பையை நீட்டினார்.

“என்னத்துக்குப் பாவிக்கப் போறீங்கள், பிள்ளை?”

“கிராபிக்ஸ் கார்ட்டுக்கு அண்ணை. நூற்றி அறுபது வோட்ஸ் இழுக்கும். இடைக்கிடை துள்ளும்.”

“துள்ளட்டும். தாங்கும். நானூறு தரத்துக்கு மேல சோதிச்சனான்.”

நானூறு தரம் எதற்கு என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. அவர் சிரிக்காமல் சொன்ன விதம் அப்படி. அவள் நன்றி சொல்லித் திரும்பும்போது கேட்டார்.

“உங்கட வீட்டில ஆராவது வருத்தக்காரர் இருக்கினமோ?”

“என்ர தங்கச்சி படுக்கையில. பிள்ளைத்தாச்சி.”

பையின் மறு பிடி இன்னும் அவர் கையில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பொருத்திப் பார்த்தாள். கார்ட் எழும்பியது. சத்தமே இல்லை. இவ்வளவு நாள் தேடியது வீண்போகவில்லை என்று தேத்தண்ணி ஊற்றப் போனவள், திரும்பி வரும்போது கதவடியில் நின்றுவிட்டாள். அறைக்குள் மிக மெல்லிய ஒலி ஒன்று இருந்தது. கம்பிச் சுருள்கள் சில வேளை இப்படி இரையும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இது ஒரே சீராக இரையவில்லை. ஏறியது, இறங்கியது, கொஞ்சம் நின்றது. மறுபடி ஏறியது.

பெட்டி இழுக்கும் மின்சாரத்தைக் காட்டச் சுவரில் செருகியிருந்த வோட் மீட்டரைப் பார்த்தாள். பத்தொன்பது, இருபத்தேழு, பத்தொன்பது, இருபத்தேழு. கணினியில் ஒரு வேலையும் ஓடவில்லை. கைத்தொலைபேசியில் நேரம் வைத்து எண்ணினாள். நிமிடத்துக்குப் பதினான்கு. பத்து நிமிடம் விட்டு எண்ணினாள். பதினான்கு. கார்ட்டைக் கழற்றிவிட்டு, பழைய கார் ஹெட்லைட் பல்ப் ஒன்றைப் பெட்டியோடு இணைத்தாள். பல்ப் எரிந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்: வெளிச்சம் கொஞ்சம் பொங்கி, கொஞ்சம் வடிந்தது. பல்புக்கு யோசிக்கும் மூளையும் இல்லை, ஓட்டும் வேலையும் இல்லை. அது ஏன் ஏறி இறங்க வேண்டும்?

கிருபானந்தனுக்குச் செய்தி அனுப்பினாள். ‘அண்ணை, வோட்ஸ் கூடிக் குறையுது. பிழையோ?’

உடனே பதில் வந்தது. ‘நிமிசத்துக்கு எத்தினை?’

அவருக்கு எப்படி அப்படிக் கேட்கத் தோன்றியது என்று அவள் யோசித்தாள். ‘பதினாலு’ என்று அனுப்பினாள். அவர் வாசித்துவிட்டதற்கு அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. இரண்டு தரம் அழைத்தாள். எடுக்கவில்லை.

வேலை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. பெட்டி சூடாகவில்லை, மணக்கவில்லை, கார்ட் எவ்வளவு துள்ளியும் அசையவில்லை. அடுத்த நாள் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வித்தியாவின் கட்டிலிலிருந்து நான்கடி தள்ளி மேசை. காலையில் எல்லாவற்றையும் இணைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். கண்ணை மூடிப் படுத்திருந்த வித்தியா கேட்டாள்.

“அக்கா, ஆர் நித்திரை கொள்ளுறது?”

“என்ன?”

“ஆரோ நித்திரையில மூச்சு விடுற மாதிரிக் கிடக்கு. லக்ஷன் போகேல்லையோ?”

“அவன் எப்பவோ போட்டான். இந்தப் பெட்டிதான் இரையுது. நிப்பாட்டட்டே?”

“வேண்டாம். நிப்பாட்டாதேங்கோ. தனியாப் படுத்திருக்கிற மாதிரி இல்லை.”

றொஷினிக்கு முதுகு கூசியது. ஆனாலும் அன்று வித்தியா பல நாளுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் நிம்மதியாக உறங்கினாள். அதற்குப் பிறகு அவளே கேட்கத் தொடங்கினாள், “உங்கட ஆளைப் போடுங்கோ” என்று. றொஷினி சத்தம் காதில் விழாமலிருக்க ஹெட்போன் போட்டுக்கொண்டு வேலை செய்தாள். பாட்டு ஓடும். ஆனால் மேசையில் ஊன்றிய முழங்கையில் அந்த ஏற்ற இறக்கம் தெரியும்.

மூன்றாவது கிழமை புதன்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து வித்தியா உறங்கிவிட்டாள். றொஷினி ஒரு பெரிய உள்ளறைப் படத்தை உருவாக்கக் கணினியை ஓடவிட்டிருந்தாள். முக்கால்வாசி முடிந்திருந்தது. திடீரென்று மேசைக்குக் கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம். ஹெட்போனுக்குள்ளும் கேட்ட சத்தம். திரை கறுத்துப் போனது. கார்ட்டின் விளக்கு அணைந்தது.

“சனியன்,” என்று ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் குனிந்தாள். மூன்று கிழமையாகப் பழகிப்போன அந்த இரைச்சல் இல்லை. அது இல்லாத அறையில்தான் மற்றது கேட்டது. கட்டிலிலிருந்து, சின்னச் சின்னதாய், வேகமாய், ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடும் மூச்சு.

வித்தியாவின் நெற்றி வியர்த்திருந்தது. உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. ஆனால் அது றொஷினியைப் பார்க்கவில்லை.

அம்புலன்ஸ்காரர் ஒன்பது நிமிடத்தில் வந்தார்கள். காலில் கட்டிய இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊசி போட்டார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் இனிப் பயமில்லை என்று சொல்ல இரண்டு நாள் எடுத்தது. இன்னும் அரை மணித்தியாலம் கவனிக்காமல் விட்டிருந்தால் கதை வேறு என்று அந்தப் பெண் டொக்டர் சொன்னபோது, லக்ஷன் நடைபாதையிலேயே கீழே குந்திவிட்டான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எல்லாரும் றொஷினியைக் கேட்டார்கள். “மெஷின் நிண்டு போச்சுது” என்றாள். அதற்கு மேல் விளக்கவில்லை.

சனிக்கிழமை அவள் பெட்டியையும் பல்பையும் பையில் போட்டுக்கொண்டு அஹுன்ட்சிக்குக்குப் போனாள். கிருபானந்தன் கதவைத் திறந்தார். அவளைக் கண்டதும் வழிவிட்டார், எதிர்பார்த்திருந்தவர்போல்.

“அண்ணை, இது முந்தி எப்பவாவது தானா நிண்டதோ?”

அவர் கதிரையில் இருந்தார்.

“ஒரேயொருக்கா.”

அவருடைய மனைவியின் பெயர் சிவநேசம். தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் வருத்தம். கடைசி இரண்டு வருடம் முகமூடியோடு மூச்சு மெஷினில் இருந்தா. மெஷினோடு வந்த பவர் சப்ளை பழுதானபோது, புதிதுக்குக் காத்திருக்காமல் கிருபானந்தனே ஒன்று தேடினார். இருபது வருடம் அந்த வேலை செய்தவர். விசிறி இருந்தால் அவவுக்கு நித்திரை வராது என்று விசிறி இல்லாததாய், கட்டில் மேசையில் இடம் பிடிக்காததாய், இதைத் தெரிந்தெடுத்தார். ஒரு பங்குனி மாதக் காலையில் அவர் மருந்து வாங்க வெளியே போயிருந்தபோது அது ஒருமுறை அணைந்தது. மெஷினின் பற்றரியும் நாள்பட்டது. அபாய மணி அடித்திருக்கும். கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை.

“அதுக்குப் பிறகு நான் அதைச் சோதிச்சுக்கொண்டே இருந்தன், பிள்ளை. சூடாக்கிப் பாத்தன், குளிரில வைச்சுப் பாத்தன். ஒருக்காலும் நிக்கேல்லை. பிழை இருந்திருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.”

“பதினாலு எண்டால்?”

“மெஷினில நான் வைச்ச கணக்கு. நிமிசத்துக்குப் பதினாலு மூச்சு. அந்த எண் என்னையும் டொக்டரையும் தவிர ஆருக்கும் தெரியாது.”

றொஷினி பல்பைப் பெட்டியோடு இணைத்து, சுவரில் செருகினாள். பல்ப் எரிந்தது. அசையாமல் எரிந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கிருபானந்தன் கண் வெட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒருநாளும் மூச்சு விடேல்லை,” என்றார். “அவ போனாப் பிறகு ஏழு மாசம் இதுக்குப் பக்கத்தில இருந்தனான். நீங்கள் பதினாலு எண்டு எழுதின அண்டைக்குத்தான் தெரிஞ்சுது, மற்றாக்களுக்கு விடுவா எண்டு.” எழுந்து அவரே பிளக்கைக் கழற்றினார். “கொண்டுபோங்கோ. இஞ்ச வேண்டாம்.”

வீட்டுக்கு வந்து குளிர் உடுப்பைக்கூடக் கழற்றாமல் அவள் அதைச் சமையலறை மேசையில் செருகினாள். பல்ப் பொங்கியது. வடிந்தது. பதினான்கு.

அன்று பின்னேரம் கிருபானந்தன் அழைத்தார். “உங்கட வீட்டில?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லை அண்ணை,” என்றாள் றொஷினி, பல்பைப் பார்த்துக்கொண்டே. “இப்ப சும்மாதான் எரியுது.”

“நல்லது,” என்று வைத்துவிட்டார்.

வேலைக்கு அவள் செங்கல் கனத்தில் வேறொன்று வாங்கினாள். சின்னதைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிடலாம் என்று அதன் அருகே போனாள். கை பிளக்கில் பட்டது. பொங்கும்வரை பார்த்திருந்தாள், வடியும்வரை பார்த்திருந்தாள். மூன்று கிழமையாக ஒவ்வொரு பின்னேரமும் யோசிக்காமல் இழுத்த பிளக். அன்று முடியவில்லை. பிறகு ஒருநாளும் முடியவில்லை. மார்கழி போய்த் தை வந்தது. வெளியில் பனி கொட்டியது. மேசையின் மூலையில் பல்ப் எரிந்துகொண்டேயிருந்தது. அவள் அந்தப் பக்கம் போகும்போது மெதுவாக நடக்கப் பழகினாள். தொலைபேசியில் குரலைத் தாழ்த்திக் கதைத்தாள். சமைக்கும்போது ஒருமுறை, “கொஞ்சம் புகைக்கும், குறை நினைக்காதேங்கோ” என்று தன் வாயே சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டு அடுப்பை நிறுத்தினாள். ஆட்களைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

மாசி மாதம் கட்டடத்தின் லிஃப்டுக்குள் பிரெஞ்சில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பதினொன்றுவரை திருத்த வேலைக்காக மின்சாரம் நிறுத்தப்படும். அவள் ஏழாம் மாடிக்கு வரும்வரை அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். அன்று முழுவதும் பற்றரிகளைப் பற்றித் தேடினாள். எவ்வளவு நேரம் தாங்கும், எவ்வளவு பாரம். கூடையில் ஒன்றைப் போட்டுவிட்டு, வாங்கும் பொத்தானில் விரல் வைத்தவள் நிறுத்தினாள். கிருபானந்தனை அழைத்தாள்.

“அண்ணை, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான்.”

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

“வியாழக்கிழமை பத்து மணிக்குக் கரண்ட் நிக்கும். அந்த நேரம் நீங்கள் இஞ்ச இருக்கவேணும் போல கிடக்கு எனக்கு.”

அவர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். கோவிலுக்குப் போவதுபோல் மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட் போட்டிருந்தார். பனிச்சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் பல்ப் அசைவற்றுப் போனது. றொஷினி அதைக் கண்டாள். அவரும் கண்டார். எதுவும் கேட்காமல் கதிரையை இழுத்துப் போட்டு அதன் முன்னால் இருந்தார். அவள் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். கதவு சாத்தவில்லை.

அரை மணித்தியாலம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவர் கதைக்கத் தொடங்கினார்.

“சிவம், அண்டைக்கு நான் மருந்துக்கடையில இருக்கேல்லை. எல்லாரிட்டையும் அப்பிடித்தான் சொன்னனான். மருந்தை வாங்கிக்கொண்டு பக்கத்துக் கோப்பிக் கடையில போய் இருந்தனான். நாப்பது நிமிசம். கோப்பியும் குடிக்கேல்லை. சும்மா இருந்தன். அந்த மெஷின்ர சத்தம் இல்லாத இடத்தில கொஞ்ச நேரம் இருக்கவேணும் போல இருந்தது. அவ்வளவுதான்.” கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. “உன்ர மூச்சுச் சத்தம் கேக்காமல் இருக்கவேணும் எண்டு நினைச்சிட்டன்.”

சுவர்க்கடிகாரம் ஓடியது. றொஷினி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு அந்த இரைச்சல் கேட்டது. ஏறியது. இறங்கியது. கொஞ்சம் நின்றது. மறுபடி ஏறியது.

அவள் கதவடிக்கு வந்தாள். கிருபானந்தன் இரண்டு கையையும் மடியில் வைத்தபடி பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வெளிச்சம் பொங்கி வடிந்தது. அவள் அவருக்குப் பின்னால் நின்றாள். அப்படியே இருபது நிமிடம் போனது.

பத்து மணி ஏழு நிமிடத்துக்கு மின்சாரம் போனது. குளிர்சாதனப் பெட்டி குலுங்கி நின்றது. கீழே எங்கோ ஒரு கதவு அடித்தது. அவளுக்குத் தெரியும்: இப்படிப்பட்ட பெட்டியில் மிஞ்சியிருக்கும் மின்சாரம் பல்பை ஒரு நொடிகூடத் தாங்காது. பல்ப் வடிந்தது, அணையும் மட்டுக்கு வடிந்தது. பிறகு பொங்கியது. ஒன்று. மறுபடி வடிந்து, பொங்கியது. இரண்டு. கிருபானந்தன் கையை நீட்டினார். தொடவில்லை, சூடு படும் தூரத்தில் வைத்துக்கொண்டார். மூன்றாவது மிகச் சிறியது. கம்பி சிவந்து, கறுத்தது.

யன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து அவர் கையை எடுத்தார்.

“மூண்டு,” என்றாள் றொஷினி, தாங்க முடியாமல். “கரண்ட் நிண்டாப் பிறகு மூண்டு, என்ன அண்ணை?”

“அஞ்சு,” என்றார் அவர். “வெளிச்சம் போனாப் பிறகு ரெண்டு. உங்களுக்குக் கேக்கேல்லையோ?”

அவளுக்குக் கேட்கவில்லை.

மின்சாரம் வருமுன்னே அவர் தன் கையாலேயே பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றினார். வயரை மெதுவாகச் சுற்றி, பெட்டியை மேற்சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார். சப்பாத்தைப் போட்டுவிட்டு, “வாறன், பிள்ளை” என்றார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஏழு மாடியும் இருட்டுப் படியில் இறங்கினார். றொஷினி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கீழ்க்கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை நின்றாள்.